வெங்காயப் பட்டறைக்குப் பின்னால்

எனக்கு வெள்ளைப்படத் தொடங்கியபோது நான் முதலில் சந்தேகப்பட்டது என் கணவரைத்தான்.

இதை இப்படி முதல் வரியிலேயே எழுதலாமா என்று யோசித்து, அடித்துவிட்டு, மறுபடியும் எழுதினேன். வேறு எப்படித் தொடங்கினாலும் பொய்யாகத்தான் இருக்கும். பெண்கள் பேசிக்கொள்ளாத விஷயம் என்பதால்தான் அந்தச் சந்தேகம் என் மனதில் அத்தனை நாள் குடியிருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். குன்னத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் எங்கள் ஊர். சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி பூமி. என் கணவருக்குத் திருச்சியில் ரேஷன் ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அரியலூர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து, பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் அடுப்புக்கரிப் புகையில் ஓடிய கரி பஸ் பிடித்து ஊருக்கு வருவார். வீட்டில் நானும், அவருடைய அம்மாவும், அவருடைய தங்கையும் இருந்தோம். நாத்தனாரின் புருஷன் மலாயாவுக்குப் போனவர். ஜப்பான்காரன் அங்கே வந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவர் போன பிறகு பிறந்த பெண் குழந்தை, இரண்டு வயது தாண்டியும் பால் மறக்காமல் அவள் மடியிலேயே கிடந்தது.

நான் கீழப்பழுவூர்ப் பக்கம் இருந்த அம்மா வீட்டில் பிள்ளை பெற்று, ஐந்து மாதக் குழந்தையோடு ஐப்பசி மழையில் இங்கே வந்து இறங்கினேன். அம்மா வீட்டில் இருந்த வரை உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே வந்த பின்தான் ஆரம்பித்தது. அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நினைவிருந்ததுதான் வினையாகவும் போனது.

வெள்ளைப்படுவது எனக்குப் புதிதல்ல. பெரியவளான நாளிலிருந்தே, மாதாமாதம் வீட்டுக்குத் தூரமாவதற்கு முன்னால் கொஞ்சம் ஈரம் படும். அரியலூரில் எட்டாம் வகுப்புப் படித்தபோது, என்னோடு படித்த ஒருத்தி, எலும்பு உருகித்தான் அப்படி வெளியே வருகிறது என்று சொன்னாள். அன்றிலிருந்து மாதாமாதம் என் எலும்பு எவ்வளவு மிச்சமிருக்கும் என்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பேன். சரித்திரமும் பூகோளமும் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

ஆனால் இந்தத் தடவை வந்தது வேறு மாதிரி. பால் திரிந்தால் திப்பி திப்பியாக நிற்குமே, அப்படி. கூடவே தாங்க முடியாத அரிப்பு. சிறுநீர் போனால் மிளகாய் அரைத்த கை பட்டதுபோல் எரியும். அம்மியின் முன்னால் உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை.

அவர் ஊருக்கு வந்துபோன சில நாளில் தொடங்கியதால், அவர் வந்த நாட்களை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகு வந்த தடவை வாசனை சோப்பு கொண்டுவந்திருந்தார். முன்பெல்லாம் வேட்டியைக்கூட மூலையில் சுருட்டிப் போட்டுவிட்டுப் போகிறவர், இப்போது தன் உள்துணிகளைத் தானே கிணற்றடியில் அலசிப் பிழிந்தார். நான் வாங்கப் போனபோது, "நீ விடு, நானே பாத்துக்கறேன்" என்றார். அப்போது அன்பு என்றுதான் நினைத்தேன். அரிப்பு முற்றிய பிறகு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது.

வாரப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் லேகிய விளம்பரங்கள் வரும். கணவன் வெளியில் தேடிக்கொள்ளும் நோய் குற்றமறியாத மனைவியை எப்படிப் பிடிக்கிறது, பிறக்கிற பிள்ளையின் கண்ணை எப்படிக் கெடுக்கிறது என்று எழுதி, கீழே தபாலில் மருந்து அனுப்புகிற விலாசம் போட்டிருப்பார்கள். கதைகளைப் படித்துவிட்டு அவற்றையும் படிப்பேன். வீட்டில் வேறு யாருக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதால் என்னை யாரும் தடுக்கவில்லை. திருச்சியோ பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த டவுன். அவர் தங்கியிருந்த அறையில் இன்னும் நாலைந்து ஆண்கள். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

யாரிடமும் சொல்லாமல் நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். படிகாரத்தைக் கரைத்துக் கழுவினேன். அவர் கொண்டுவந்த வாசனை சோப்பையே போட்டு, காலையும் மாலையும் உள்ளே வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். சுத்தம் என்றால் சோப்பு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். எரிச்சல் அதிகமானது. நோய் முற்றுகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

அப்புறம் குழந்தை பால் குடிக்க மறுத்தான். வாயை வைப்பான், சப்புவான், வீறிட்டு அழுவான். எனக்கும் மார்க்காம்பு ஊசி குத்துவதுபோல் வலித்தது. வெளிச்சத்தில் கொண்டுபோய் வாயைத் திறந்து பார்த்தால், நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருந்தது. துணியால் துடைத்தால் போகவில்லை. பால் ஏடு என்றால் துடைத்ததும் போயிருக்குமே.

அத்தை பார்த்தவுடன், பச்சைப் பிள்ளை வாயில் வருகிற அக்கரம் என்றார். வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவினார். பிறகு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். நான் கொஞ்ச நாளாகக் கால் அகட்டி நடப்பதையும், கிணற்றடிக்குப் போய்ப் போய் வருவதையும் அவர் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

"இந்தா புள்ள, ஒனக்கு வெள்ளை படுதா?"

தலையை ஆட்டினேன்.

"அப்பறம் என்ன. ஒடம்பு பூரா சூடு ஏறிக் கெடக்குது. பாலும் அப்படித்தான இருக்கும். புள்ள வாய் வெந்துபோச்சு பாரு."

சொல்லிக்கொண்டே குழந்தையை என் மடியிலிருந்து எடுத்து நாத்தனார் மடியில் போட்டார். அவளிடம் பால் இருந்தது. அவன் அவளிடம் அழுதுகொண்டே கொஞ்சம் குடித்தான். எனக்குச் சோற்றுக் கற்றாழையும் நீராகாரமும் நன்னாரித் தண்ணீரும் கொடுத்தார்கள். சூடு தணிகிற வரை குழந்தையை என்னிடம் விடக்கூடாது என்பது அத்தையின் தீர்ப்பு.

என் பாலைப் பீச்சி, கால் படாத இடமாகப் பார்த்து நொச்சிச் செடியின் அடியில் ஊற்றுவேன். முதலில் பொங்கி வந்தது. பிறகு குறைந்தது. சில நாள் போனால் வற்றிவிடும் என்று எனக்குத் தெரியும். வற்றிவிட்டால் நோய் தீர்ந்தாலும் பிள்ளை என்னிடம் திரும்ப மாட்டான். அந்த ஒரு பயம் மற்ற எல்லாப் பயத்தையும் விழுங்கிவிட்டது.

என் சந்தேகம் இப்போது வீட்டுக்குள்ளும் நுழைந்தது. மகளுக்கு ஆண் பிள்ளை இல்லை, புருஷன் இருக்கிறானா என்றும் தெரியவில்லை. அவளுக்குப் பிடிமானமாக இருக்கட்டும் என்றுதான் அத்தை என் பிள்ளையை அவள் மடியில் போட்டாரோ? நாத்தனார் அவனை மடியில் போட்டுத் தலையைக் கோதுகிற விதமே எனக்குப் பிடிக்கவில்லை. "அண்ணி, பால் நல்லாக் குடிச்சிட்டான்" என்று அவள் வந்து சொன்னால், ஆறுதலுக்குச் சொல்கிறாளா, குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தையே பார்ப்பேன்.

என் கணவர் வந்தபோது, குழந்தையின் வாயைக் காட்டித் திருச்சிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தை விட்டிருக்க மாட்டார். பேரனுக்கு என்றதால் விட்டார். இடுப்பில் குழந்தையும் மனதில் வேறு நினைப்புமாக, கரி பஸ்ஸில் அரியலூர் போய் ரயிலேறினேன்.

திருச்சியில் ஒரு லேடி டாக்டர். வயதானவர், கண்ணாடி போட்டிருந்தார். குழந்தையின் வாயைப் பார்த்தார். என் மார்பைப் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமலேயே, "உனக்கும் கீழ அரிப்பு இருக்கா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

திரைக்குப் பின்னால் படுக்க வைத்துச் சோதித்தார். பஞ்சில் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிக்கொண்டு உள்ளே போனார். அவர் திரும்பி வந்தவுடன், எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"இது அவர்கிட்டேர்ந்து எனக்கு வந்ததாங்க?"

"நீ பயப்படற நோய் இது இல்லம்மா" என்றார். "இது பூசணம் மாதிரி ஒண்ணு. ஈரத்துலயும் புழுக்கத்துலயும் வளரும். உங்கிட்ட இருக்கு, புள்ள வாயிலயும் இருக்கு. அவ்வளவுதான்."

வெள்ளை எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் உண்டு என்று அவர்தான் எனக்கு முதல் முதலாகச் சொன்னார். தூரத்துக்கு முன்னாலும், இரண்டு தூரத்துக்கு நடுவிலும், தெளிந்த கஞ்சித் தண்ணீர் போலவோ முட்டை வெள்ளைக்கரு போலவோ வந்தால் அது உடம்பு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வது. அதற்கு மருந்து வேண்டாம். நிறம் மாறினால், நாற்றம் அடித்தால், அரித்தால், எரிந்தால், ரத்தம் கலந்திருந்தால், அடிவயிறு வலித்தால் மட்டும் வந்து காட்ட வேண்டும். எலும்பு உருகுவதைப் பற்றிக் கேட்டேன். சிரிக்கவில்லை. அப்படி எந்தப் பெண்ணுக்கும் உருகுவதில்லை என்றார். சோப்பையும் படிகாரத்தையும் சொன்னபோதுதான் கண்ணாடியைக் கழற்றினார். வெறும் தண்ணீரில் வெளிப்புறம் மட்டும் கழுவினால் போதும், உள்ளே எதுவும் போகக்கூடாது என்றார்.

பிறகு, உள்ளுக்குக் கட்டும் துணியை எங்கே காயவைக்கிறாய் என்று கேட்டார்.

எங்கள் ஊரில் சின்ன வெங்காயத்தை அறுவடை செய்ததும் பட்டறை போடுவார்கள். குச்சிகளை நட்டு, தரையிலிருந்து தூக்கித் தட்டி கட்டி, மேலே ஓலை வேய்ந்து, காற்று ஊடாடும்படி வெங்காயத்தைக் கொட்டி வைப்பார்கள். எங்கள் பட்டறைக்கும் மாட்டுக் கொட்டகைச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற சந்து இருந்தது. வீட்டுப் பெண்களின் துணிகள் அங்கேதான் கொடியில் காயும். அவற்றின் மேல் ஒரு சாக்கும் போட்டிருக்கும். ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்பது ஒன்று. பாம்பு பார்த்துவிட்டால் அந்தத் துணிக்காரியின் வயிற்றில் பிள்ளை தங்காது என்பது இன்னொன்று. மழைக்காலத்தில் அந்தத் துணி காய்ந்ததே இல்லை. நசநசவென்று இருப்பதைத்தான் எடுத்துக் கட்டுவோம். அம்மா வீட்டில் கிணற்றுப் பக்கம் மறைவாக ஒரு வேலி இருந்தது, வெயில் படும்.

டாக்டரிடம் சொன்னேன்.

"உங்க வூட்டுல வெயிலுக்கு உள்ள வர உத்தரவு இல்லையா?" என்று கேட்டார். துணியைக் கொதிக்க வைத்து, வெயிலில் மொறமொறவென்று காயவைத்தால் ஒழிய மருந்து போட்டும் பலனில்லை, திரும்பத் திரும்ப வரும் என்று எச்சரித்தார். ஊதா நிறத்தில் ஒரு மருந்து கொடுத்தார். குழந்தையின் வாய்க்கும் மார்புக்கும் தண்ணீராக ஒரு புட்டி, எனக்குக் கொஞ்சம் கெட்டியாக ஒன்று. பாலை நிறுத்தவே கூடாது என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. பிறகு என் கணவரையும் உள்ளே கூப்பிட்டுத் தனியாகப் பேசினார்.

அந்தத் தனிப்பேச்சு போதாதா எனக்கு? திரும்பும் ரயில் லால்குடி தாண்டுவதற்குள் டாக்டர் சொன்னதில் பாதியை நம்பாமல் போய்விட்டேன். ஆண்கள் சொல்லி வைத்தால் டாக்டர்கள் மறைக்க மாட்டார்களா? அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் என்ன கேட்டாங்க?" என்றேன்.

"எனக்கும் அரிக்குதான்னு கேட்டாங்க. ஆமான்னேன். எனக்கும் மருந்து குடுத்திருக்காங்க." அதனால்தான் துணியைத் தானே துவைத்தாராம். சொல்லக் கூச்சமாக இருந்ததாம். பிறகு, "நானும் ஒண்ணு கேட்டேன்" என்றார்.

"என்ன?"

"நீ கேட்டதத்தான். வெளில நின்னப்ப காதுல விழுந்துச்சு."

எனக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. நான் அவரைச் சந்தேகப்பட்ட அதே நாட்களில் அவரும் திருச்சியில் உட்கார்ந்து என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். மாமியாரின் கண் முன்னால், கைக்குழந்தையோடு வீட்டுக்குள்ளேயே கிடக்கிற என்னை. கோபப்பட எனக்கு நியாயம் இருந்ததா, தெரியவில்லை. அரியலூர் வருகிற வரை நாங்கள் இருவரும் குழந்தையோடு மட்டும் பேசினோம்.

அத்தைக்கு ஊதா மருந்து பிடிக்கவில்லை. குழந்தையின் வாயும் மோவாயும் கழுத்தும் நாவற்பழம் தின்றது போல் ஆகிவிட்டன. "என்னடி இது, மைக்கூட்ட எடுத்துக் குடிச்சாப்ல இருக்கான்" என்றார். வாய் சுத்தமாகட்டும், பிறகு உன்னிடம் விடலாம் என்றார். அதுவரை பகல் பாலெல்லாம் நாத்தனாரிடம்தான். இடையில் அத்தை கண் அசந்தால் நான் எடுத்துக் கொடுப்பேன்.

துணி விஷயத்தில் அத்தை அசையவே இல்லை. நான் கொதிக்க வைத்துக் கொல்லைப்புற வேலியில் போட்டதை எடுத்துச் சுருட்டி மறுபடியும் சந்துக்குள் தள்ளினார்.

"பாம்பு கண்ணுல பட்டா என்னாவும்? படிச்சவளாச்சே, நீயே சொல்லு."

"வெங்காயத்த ஈரத்தோட அடைச்சா என்னாவுங்க அத்தை?"

"பூசணம் புடிச்சிரும்."

"அதுக்குத்தான காத்துப் படற மாதிரி பட்டறை போடறீங்க. துணிக்கும் அதேதாங்க. அந்தப் பூசணந்தான் புள்ள வாயில இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க."

அத்தை எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அப்படிப் போனதே எனக்குப் பயமாக இருந்தது. வாயாடுகிறேன் என்று மகனிடம் சொல்வாரோ?

குழந்தையின் வாய் சுத்தமாயிற்று. நாக்கு ரோஜா நிறத்துக்கு வந்தது. எனக்கும் அரிப்பு அடங்கியது. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் அவன் கன்னத்தில் மறுபடியும் வெள்ளை. அத்தை என்னைப் பார்த்த பார்வையில், உன் டாக்டர் மருந்து இவ்வளவுதான் என்பது எழுதியிருந்தது. நான் உட்கார்ந்து யோசித்தேன். நான் மருந்து போடுகிறேன். என் துணியைக் கொதிக்க வைத்து, அடுப்புக்கு மேலேயாவது காய வைக்கிறேன். அப்புறம் எங்கிருந்து வருகிறது?

அன்று மாலை நாத்தனார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற இடத்தில் என்னை நிறுத்தினாள். சுற்றிலும் பார்த்தாள்.

"அண்ணி, ஒங்களுக்கு இருந்தது எனக்கும் இருக்கு. நீங்க அம்மா வூட்டுலேர்ந்து வர்றதுக்கு முந்தியே இருக்கு. இப்ப மாரும் வலிக்குது."

என் மனம் எவ்வளவு கெட்டுப்போயிருந்தது என்றால், முதல் கணம் எனக்கே அந்த நினைப்புதான் வந்தது: புருஷன் இல்லாதவளுக்கு எப்படி? அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அதுக்குத்தான் அண்ணி வாயத் தொறக்கல" என்றாள். "அவரு உசுரோட இருக்காரா இல்லையான்னே தெரியல. நான் இதச் சொன்னா ஊரு என்ன சொல்லும்? எங்க அம்மாவே நம்புமா?"

ரயிலில் கேட்ட அந்த ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்தது. கட்டிய புருஷனோடு இருக்கிற என்மீதே சந்தேகம் வந்தது என்றால், இவள் கதி? அத்தோடு எனக்கு வேறொன்றும் தெளிந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது எந்த ஆணும் இல்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த அந்தக் கொடியும் அதன் மேல் கிடந்த சாக்கும்தான். அந்தச் சாக்கு, என் கணவர் மீதிருந்த மிச்சச் சந்தேகத்தையும் மூடிவிட்டது.

என் புட்டியில் பாதியை ஊற்றிக் கொடுத்தேன். குழந்தைக்குத் திரும்ப வந்தது அங்கிருந்துதான் என்பதால் மார்புக்கும் தடவச் சொன்னேன். இரண்டு பேரின் துணியையும் நானே ஒரே சட்டியில் கொதிக்க வைத்து, அடுப்புக்கு மேல் காயவைத்து, அத்தையின் கண்ணுக்காகச் சந்துக் கொடியில் போட்டு வைத்தேன். ஊதா மருந்தின் குணம் ஒன்று, அது பட்ட துணியில் கறை போகாது. அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. என் துணிகளில் கறை இருப்பதற்குக் காரணம் உண்டு. அவள் துணிகளில்?

குழந்தையின் வாய் மறுபடியும் தெளிந்து, இந்தத் தடவை தெளிந்தபடியே இருந்தது. ஆனால் குழந்தையை எடுத்துக்கொள் என்று அத்தை இன்னும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில், வெங்காயம் புரட்டிவிடப் பட்டறைக்குப் போனவர், சந்துக்குள் நுழைந்து துணிகளை அள்ளிக்கொண்டு வந்தார். என் எதிரில் போட்டார். நாத்தனார் அடுப்படியில் இருந்தாள். அவள் கரண்டி ஓசை நின்றுவிட்டது.

எல்லாத் துணியிலும் ஊதாக் கறை. அத்தை அதில் ஒன்றை எடுத்து விரித்தார். கிழிந்த புடவைத் துண்டு, ஓரத்தில் பச்சைக் கரை. மகளின் கல்யாணத்துக்கு உடையார்பாளையம் கடையில் அத்தை தன் கையால் பார்த்து எடுத்த புடவை அது. அந்தக் கரையை அவர் விரலால் நீவினார்.

"ஒன் துணிதான?"

"ஆமாங்க அத்தை."

"எல்லாமுமா?"

"எல்லாமேதாங்க."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படிப் பக்கம் அவர் திரும்பவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்ததா, அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்ததா, இன்றைக்கு வரை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

"சரி. ஒன்னுதாவே இருக்கட்டும்" என்றார். "புள்ளையத் தூக்கிக்க. பசிக்கிது அவனுக்கு."

குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். வாயை வைத்தான், ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தான், குடிக்க ஆரம்பித்தான். பால் கொஞ்சம்தான் வந்தது. ஆனால் வந்தது.

அத்தை துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனார். வெங்காயப் பட்டறையின் ஓலைக்கூரை மேல், நல்ல வெயில் படுகிற பக்கமாக, ஒவ்வொன்றையும் உதறி விரித்தார். பச்சைக் கரைத் துணியை நடுவில் போட்டார். பிறகு மாடு ஓட்டுகிற கம்பை எடுத்துவந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார்.

"காயற வரைக்கும் நான் இருக்கேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "பாம்பு வந்தா பாத்துக்கறேன்."